300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டினால் 94 தான் வருகிறது: குற்றம் வெளியிலா, வீட்டுக் கம்பியிலா?

கேள்வி, செப்டம்பர் 3
(மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்)

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ரேழியில் ஃபைபர் பெட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரு கேபிள் கூடத்துக்கு வந்து ஐந்து துளை உள்ள சின்ன நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றில் சேர்கிறது. சுவிட்சிலிருந்து இன்னொரு கேபிள் முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டு வழியாக, கொல்லைப்புறம் புதிதாகக் கட்டிய மாடி அறைக்குப் போகிறது. 300 மெகாபிட் திட்டம். ரேழியில் நின்று கைப்பேசியில் பார்த்தால் 280க்கு மேல் காட்டுகிறது. மாடி அறைக் கணினியில் எப்போது பார்த்தாலும் 94. கணினிக்கு மட்டும் நிறுவனம் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு, மாலையில் தண்ணீர் மோட்டார் போட்டவுடன் இணைப்பு அறுந்து, சற்று நேரம் கழித்துத்தான் வருகிறது. மோட்டாருக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை.

பதில், செப்டம்பர் 3, இரவு

நிறுவனத்தை விட்டுவிடுங்கள் தம்பி. வேகத்தைக் குறைப்பதென்றால் அவர்கள் 50 என்றோ 100 என்றோ குறைப்பார்கள். 94இல் கொண்டுவந்து நிறுத்த அவர்களுக்கு எந்த வேண்டுதலும் கிடையாது.

94 எங்கிருந்து வருகிறது என்றால், 100 மெகாபிட் ஈதர்நெட்டில், அதாவது வீட்டுக் கம்பி வழி இணைப்பில், தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகும்; முழு அளவுப் பொட்டலம் ஒன்று கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது. முகவரி, சரிபார்ப்பு எண், இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி எல்லாம் போக உங்கள் தரவுக்கு மிஞ்சுவது 1448 அல்லது 1460 பைட். வகுத்துப் பாருங்கள், 94 அல்லது 95 சதவீதம் வரும். ஆக, பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 1000க்குப் பதிலாக 100இல் ஓடுகிறது. விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் 100/100 என்று இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.

மோட்டார் தனிக் கதை. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டால் இரண்டும் அவிழாது.

செப்டம்பர் 4, காலை

100/100 தான் என்று எழுதியிருக்கிறார். நல்லது.

இனி எங்கே என்று தேட வேண்டும். வயலில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் ஆற்றிலிருந்து வாய்க்கால் முழுவதையும் தோண்டிக்கொண்டு வருவதில்லை. நேராக நடுமடைக்குப் போய், அங்கே வருகிறதா என்று பார்ப்பார்கள். இங்கேயும் அதேதான். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வாருங்கள். பெட்டியோடு வந்த குட்டைக் கேபிளால் அதைச் சுவிட்சில் செருகுங்கள். 1000 என்று காட்டி, வேகமும் 280ஐத் தாண்டினால் ரேழிப் பக்கம் சுத்தம். கோளாறு முற்றத்துப் பக்கம். 1000 என்று காட்டியும் வேகம் 94இலேயே நின்றால் ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவில் பாருங்கள். குட்டைக் கேபிளிலேயே 100 தான் என்றால் சுவிட்சே பழைய 100 மெகாபிட் வகையாக இருக்கலாம்; அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள்.

தொலைபேசித் துறையில் இருந்தபோது குடவாசல், நன்னிலம் பக்கமெல்லாம் நிலத்தடிக் கேபிளில் பழுது பார்த்தது இந்த முறையில்தான். கோடையில் களிமண் வெடித்து மூட்டுகளை இழுக்கும்; ஐப்பசியில் அதே மூட்டில் தண்ணீர் இறங்கும். நடுவில் இருக்கும் கம்பத்துப் பெட்டியைத் திறந்து இரு பக்கமும் சோதித்தால் பாதித் தூரம் கழிந்துவிடும். மறுபடியும் பாதி. மண்வெட்டியைக் கையில் எடுப்பது கடைசியில்தான்.

செப்டம்பர் 4, மாலை

"எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு கேட்6 போடுங்கள்" என்று இருவர் சொல்கிறார்கள். கேட்6, கேட்5இ என்பவை கேபிளின் தர வகைகள். 1000 மெகாபிட்டுக்கு அதற்கு முந்திய கேட்5இ போதும். 100 மீட்டர் வரை தாங்கும். அதில் சுவருக்குள் 90, இரு முனையிலும் சேர்த்து 10. மன்னார்குடி வீடு எத்தனை கட்டாக இருந்தாலும் அவ்வளவு நீளம் வராது. கோளாறு என்னவென்று தெரியாமல் கம்பியை மாற்றினால், அதே கைகள் அதே பிழையோடு புதுக் கம்பியை முடித்துக் கொடுக்கும்.

செப்டம்பர் 6

விடை வந்துவிட்டது. கூடத்தில் 1000, வேகமும் முழுதாக வருகிறது. மாடி அறையில் 100. ஆக முற்றத்தைத் தாண்டும் கேபிள்தான்.

அதற்குள் எட்டு இழைகள், நான்கு இணைகள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு முனைகள், அதாவது இரண்டு இணைகள் போதும். 1000க்கு நான்கு இணைகளும் வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் பின்பற்றும் வரிசை டி568பி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஆரஞ்சும் பச்சையும் முழுதாக இருந்து, நீலத்திலோ பழுப்பிலோ ஓர் இழை போனாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடும். தம்பி, இழைக்கு ஒரு விளக்கு எரியும் கேபிள் சோதனைக் கருவியை இரவல் வாங்கிப் பார்த்ததில் 7வது விளக்கு எரியவில்லையாம். வெள்ளைப் பழுப்பு.

இந்த நிற வரிசை எங்கள் காலத்துத் தொலைபேசிக் கேபிளிலிருந்து வந்த சொத்து. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று ஒரு பக்கம். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று மறுபக்கம். ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25 இணைகள். இப்போதைய நெட்வொர்க் கேபிளில் இருப்பவை அதில் வெள்ளையோடு சேர்ந்த முதல் நான்கு. எனக்கு இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பேரன் பிறந்த தேதிதான் சில நேரம் வராது.

செப்டம்பர் 6, இரவு

மேலே சொன்னதில் சற்று நுணுக்கம் சேர்க்க வேண்டியிருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து ஒருவர், தம் வீட்டிலும் பழுப்பு இழைதான் போயிருக்கிறது, ஆனால் 100க்கு இறங்காமல் விளக்கே எரிவதில்லை என்கிறார். இரண்டும் நடக்கும். எந்த வேகத்தில் பேசலாம் என்று இரு முனைகளும் முதலில் ஒப்பந்தம் செய்துகொள்வது ஆரஞ்சு, பச்சை இணைகளின் வழியாக மட்டும். அவை நன்றாக இருப்பதால் இருவரும் "1000" என்று உடன்படுகிறார்கள். பிறகு நான்கு இணைகளையும் இயக்கிப் பார்த்தால் ஒன்று ஊமை. அந்த இடத்தில் புத்தியுள்ள சில்லு 100க்கு இறங்கிவிடும். மற்றது மறுபடி ஒப்பந்தம், மறுபடி தோல்வி என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மயிலாடுதுறைக்காரர் கணினியின் அமைப்பில் வேகத்தைக் கையால் 100 என்று வைத்தால் விளக்கு எரியும். எரிந்தால் நோய் அதுதான் என்று உறுதி. பிறகு மறக்காமல் தானியங்கிக்கே திருப்பி வையுங்கள். ஒரு முனை கையாலும் மறுமுனை தானாகவும் இருந்தால் இருவழிப் பேச்சு ஒருவழியாகிப் புதுத் தலைவலி தொடங்கும்.

செப்டம்பர் 8

"எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றன, ஆனாலும் இழுக்கிறது." இது கும்பகோணத்திலேயே, என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. போய்ப் பார்த்தேன்.

கனெக்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இழைகள் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பார்ப்பதற்கு எவ்வளவு ஒழுங்கு! போட்டவர் ஜோடிகளைப் பிரிக்க மனமில்லாமல் அடுத்தடுத்து உட்கார வைத்துவிட்டார். ஆனால் கணினியும் சுவிட்சும் 3ஐயும் 6ஐயும் ஓர் இணையாக நடத்துகின்றன. இங்கே 3இல் பச்சையின் துணை, 6இல் நீலம். ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு இழைகள் ஒரே இணையாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. வெளியிரைச்சலைக் கழிப்பதே அந்த முறுக்குதான். மலிவுச் சோதனைக் கருவி, இந்த முனையில் விட்ட மின்சாரம் அந்த முனையில் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. வருகிறது என்று எட்டு முறை கண்சிமிட்டிவிட்டு ஓய்ந்துவிடும்.

இரு முனைகளையும் வெட்டி, நீலத்தைப் பச்சைக்கு நடுவில் நுழைத்து மறுபடி முடித்தேன். முறுக்கை அவிழ்ப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மேலுறையும் கனெக்டருக்குள் நுழைந்து அந்தப் பிளாஸ்டிக் நாக்கின் பிடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் இழுப்பையும் இழையே தாங்கும். வீட்டம்மா காபி கொடுத்தார். டிகிரி காபிதான்.

செப்டம்பர் 9

நாகப்பட்டினத்திலிருந்து, 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது, என்ன செய்ய என்று கேள்வி. ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது கணினி தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பெயர் அது. கம்பியைப் பாருங்கள். கம்பி சரியென்றால் வீட்டில் எத்தனை ரூட்டர் என்று எண்ணுங்கள். பழைய ரூட்டரை "சும்மா வைஃபைக்காக" மாட்டியிருந்தால் அதன் முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு, கேபிளை அதில் லேன் (LAN) என்று எழுதியிருக்கும் துளையில் செருகுங்கள். இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் ஒன்றை மாற்றுங்கள்.

செப்டம்பர் 11

மோட்டார்.

முற்றத்தைத் தாண்டும் கேபிள் மின்சாரக் கம்பியோடு ஒரே குழாயில் போகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்கிறார். "அப்படியானால் அதுதான்" என்று நாலு பேர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு ஐயம் இருந்தது. ஒரே குழாயில் போடுவது தவறு, ஆபத்து. 230 வோல்ட் கம்பியின் உறை உரிந்தால் கணினி வரை வரும். அதைப் பிரித்தே ஆக வேண்டும். ஆனால் மோட்டார் போடும் நொடியில் மட்டும் அறுந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒழுங்காக இருக்கிறது என்றால் குழாய் இரைச்சல் மட்டும் அதற்குப் போதாது.

சுவிட்சின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்பாவை மோட்டார் போடச் சொல்லுங்கள் என்றேன். ஒரே ஒரு துளையின் விளக்கு அணைந்தால் கம்பி. எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்து ஒன்றாகப் பளிச்சிட்டு வந்தால் சுவிட்சே செத்துப் பிழைக்கிறது என்று பொருள்.

எல்லாம் ஒன்றாக அணைந்தனவாம். மோட்டார் எழும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். ஊர்க்கோடியில் இருக்கும் வீட்டில் இன்னும் ஆழமாகச் சரியும். சுவிட்சின் அடாப்டர் பழசு. உள்ளே இருக்கும் மின்தேக்கி காய்ந்துபோனால் அந்த ஒரு கணத்தைத் தாங்கும் இருப்பு அதில் இருக்காது. அதே வோல்ட், குறையாத ஆம்பியர், முனையின் துருவமும் மாறாமல் புது அடாப்டர் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள், சம்பந்தம் இருக்கிறது, மின்சாரத்தின் வழியாக.

செப்டம்பர் 14

குழாயைத் திறந்துவிட்டார்கள். படம் அனுப்பியிருக்கிறார், நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முற்றத்துத் தூணுக்கு மேலே, ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு மூட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் போன பிறகு மாடி அறை கட்டியிருக்கிறார்கள். அப்போது பழைய கேபிளின் நீளம் போதாமல் இன்னொரு துண்டைச் சேர்த்திருக்கிறார்கள். எட்டு இழைகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. டேப்பை உரித்தால் பசை கையோடு வருகிறது. ஒரு பக்க இழைகளில் பச்சையாகக் களிம்பு. மறுபக்க இழைகளில் வெள்ளைப் பொடி. வெள்ளைப் பழுப்பைத் தொட்டதும் ஒடிந்து விழுந்ததாம்.

அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் பிளேடால் சுரண்டச் சொன்னேன். செம்பு நிறம் மேல் தோலோடு போய், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள். பழைய துண்டு அசல் செம்பு, ஒட்டுப் போட்ட துண்டு முலாம். இரண்டு உலோகத்தையும் முறுக்கி மழைத் தண்ணீரும் ஊற்றினால் அரிப்பு உறுதி. இத்தனை ஆண்டுகள் 94ஆவது கொடுத்ததே, அதைச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 15

கேபிள் வாங்குவது பற்றிப் பலரும் கேட்பதால்.

உறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை நம்பாதீர்கள். கேட்6 என்று அச்சடிக்க மை மட்டும் போதும். கடையிலேயே ஓர் அங்குலம் வெட்டிச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. எடையும் காட்டிக்கொடுக்கும்: ஒரே பருமனில் செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். முலாம் கேபிளின் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நாலைந்து முறை மடக்கினால் ஒடியும். அதன் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்புகிறவர்கள் அதைத் தொடவே கூடாது, சூடேறும்.

முற்றத்திலும் கொல்லையிலும் வெயில் படும் இடத்துக்கு வெளிப்புறத்துக்கென்று விற்கும் கறுப்பு உறைக் கேபிள். சாம்பல் நிற உட்புறக் கேபிள் வெயிலில் நைந்து, மேலுறை வெடிக்கும். அறுவடைக் காலத்தில் வயலில் இடம் போன எலிகள் வீட்டுக்கு வரும். எலி நடமாடும் இடத்தில் குழாய் இல்லாமல் விடாதீர்கள். நடுவில் மூட்டு வேண்டாம். நீளம் போதாவிட்டால் புதிதாக ஒரே துண்டாக இழுங்கள், மின்குழாயைத் தொடாமல் தனிக் குழாயில். மின்கம்பியைக் கடக்கத்தான் வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே நடக்க வேண்டாம்.

செப்டம்பர் 20

மாடி அறையில் 1000/1000. வேகம் 285ஐ ஒட்டி. புது அடாப்டருடன் மோட்டாரும் ஓடுகிறது, இணைப்பும் ஓடுகிறது.

செப்டம்பர் 26

ஓடிய இணைப்பு நேற்று மாலையிலிருந்து மொத்தமாகப் படுத்துவிட்டதாம். வைஃபையும் இல்லை. சுவிட்சில் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் அடிக்கின்றனவாம்.

கூடத்தில் கொலு வைத்தீர்களா என்றேன். வைத்திருக்கிறார்கள். மூன்றாம் படிக்குச் சீரியல் விளக்கு போட இடம் வேண்டும் என்று சுவிட்சை நகர்த்தியிருக்கிறார்கள். கழன்று கிடந்த குட்டைக் கேபிளின் இரு முனைகளையும் யாரோ அதே சுவிட்சின் காலித் துளைகளில் அழகாகச் செருகிவிட்டார்கள். எல்லாக் கருவிகளுக்குமாக ஒரு முனையில் வெளியே போன அறிவிப்பு மறுமுனையில் உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், ஓயாமல் சுற்றும். இவ்வகைச் சின்ன சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதைக் கண்டுபிடித்து நிறுத்தத் தெரியாது. உருவியதும் சரியாகிவிட்டது. சுண்டல் யாரும் எனக்கு அனுப்பவில்லை.

அக்டோபர் 2

திருத்துறைப்பூண்டியிலிருந்து: பெட்டியில் சிவப்பு விளக்கு. இது வேறு துறை, ஒளி வரவில்லை. நிறுவனத்தை அழைக்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: பெட்டியில் செருகியிருக்கும் மெல்லிய மஞ்சள் கயிறு கதவுக் கீலில் நசுங்கியிருக்கிறதா, பெட்டிக்குப் பின்னால் கூர்மையாக மடங்கியிருக்கிறதா. ஃபைபர் மடிந்தால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். கழற்றினால் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். ஒளி வந்துகொண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. மன்னார்குடித் தம்பி இப்போது கொல்லைக்கு அப்பால் இருக்கும் மாட்டுக்கொட்டகைக்குக் கேமரா வைக்க வேண்டும், வெளிப்புறக் கேபிளைக் கம்பத்தில் கட்டி இழுக்கலாமா என்கிறார்.

வேண்டாம். செப்பு வேண்டாம். கொட்டகைக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தால் அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே எழும் அழுத்த வேறுபாடு உங்கள் கேபிள் வழியாகத்தான் ஓடும். ஈதர்நெட் துளைக்குள் இருக்கும் சின்ன மின்மாற்றி 1500 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுகிறது. இடி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஒரு மின்னலில் பெட்டி, சுவிட்ச், கணினி மூன்றின் துளைகளும் வரிசையாகக் கருகிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டகைக்கு ஒற்றை இழை ஃபைபர் இழுங்கள். இரு முனையிலும் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. வாங்கும் ஃபைபரோடு எஃகுத் தாங்கு கம்பி ஒட்டியிருந்தால் அதைக் கம்பத்தோடு நிறுத்தி வெட்டிவிடுங்கள்; உள்ளே கொண்டுவந்தால் செப்பை விட்டு இரும்பைக் கூட்டிவந்த கதையாகிவிடும். கொட்டகைப் பக்கத்துப் பெட்டியைத் தரையிலிருந்து நெஞ்சுயரத்தில் மாட்டுங்கள். மாடு நக்கும்.